மண் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு

பாண்டுங் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், 1920களின் தொடக்கத்தில் ஒரு நாள், வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு சைக்கிளில் ஊருக்குத் தெற்கே வயல்வெளிப் பக்கம் போனார். வழியில் வேலை செய்துகொண்டிருந்த குடியானவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தார். நிலம் அவருடையதுதான், முன்னோர் வழியில் வந்தது. மண்வெட்டி அவருடையது, கலப்பை அவருடையது, குடிசையும் அவருடையது. யாரிடமும் கூலிக்குப் போவதில்லை. ஆனால் விளைவது வீட்டுச் சோற்றுக்கே இழுபறி. மார்க்ஸ் சொன்ன பாட்டாளிக்குச் சொத்து கிடையாது. இவருக்கோ எல்லாம் இருக்கிறது, வறுமையும் இருக்கிறது. அந்த மாணவர், பின்னாளில் இந்தோனேசியாவின் முதல் அதிபரான சுகர்னோ. குடியானவரின் பெயர் மர்ஹாயென் என்றும், அதையே தன் அரசியல் கொள்கைக்குப் பெயராக வைத்துக்கொண்டதாகவும் பிற்பாடு தன் சுயசரிதையில் சொன்னார். அப்படி ஓர் ஆள் நிஜமாகவே இருந்தாரா என்று சந்தேகப்படுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. இருந்தாரோ இல்லையோ, சுந்தா நாட்டு விவசாயியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

சுந்தானியர்கள் ஜாவாத் தீவில் வாழ்ந்தாலும் ஜாவானியர்கள் அல்லர். மேற்கு ஜாவாவின் மலைநாடு அவர்களுடையது. மொழி வேறு, சாப்பாடு வேறு. இந்தோனேசியாவின் இரண்டாவது பெரிய இனம். பாண்டுங்கிலிருந்து அவர்களுடைய ஊர்ப்பக்கம் போக வேண்டும் என்று சொன்னதும், அங்கே கல்லூரியில் பாடம் எடுக்கும் தோழி ஒருவர் கூட வர ஒப்புக்கொண்டார். கிராமத்தில் அவரை எல்லோரும் ‘நெங்’ என்றே கூப்பிட்டார்கள். நம் ஊரில் ‘பாப்பா’, ‘கண்ணு’ என்பது போல. நான் ‘பாக்’, அதாவது ஐயா. எங்களை வீட்டில் தங்கவைத்த பெரியவர் ஊருக்கே ‘அபா’, அவர் மனைவி ‘எமா’.

1983இல் நிறுத்தப்பட்டு 2022இல் மறுபடி ஓடத் தொடங்கிய காருட் ரயிலில் போனோம். மலை வளைவுகளில் ஊர்ந்துபோகும் ரயில் அது; ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங்குக்குப் பறக்கிற அதிவேக ரயிலில் வந்தவர்களுக்குப் பொறுமை வேண்டும். காருட்டிலிருந்து தாசிக்மலாயா சாலையில் ‘எல்ஃப்’ என்று அழைக்கப்படும் மினி பஸ். சிக்குராய் எரிமலையின் சரிவில் இறங்கினோம். ஊரின் பெயர் வேண்டாம். பேசியது முழுக்கச் சொத்து விவகாரம். யார் நிலம் யாரிடம் அடமானத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இதில் வருகிறது.

முதல் நாள் காலை, வீட்டுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் வயல்களில் ஒன்றைக் காட்டி, “இது யாருடையது?” என்று அபாவிடம் கேட்டேன். சின்னக் கேள்வி என்றுதான் நினைத்தேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

வரி ரசீது அவருடைய தம்பியின் மாமனாருடைய அப்பா பெயரில் வருகிறது. அவர் இறந்து பல காலம். நிலம் இப்போது தம்பியுடையது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மகனைக் கொரியாவுக்கு வேலைக்கு அனுப்பத் தம்பி அதைப் பக்கத்து ஊர் ஹாஜி ஒருவரிடம் வைத்துவிட்டார். பணத்தைப் பணமாகக் கணக்குப் பார்க்கவில்லை; இத்தனை கிராம் தங்கம் என்று பேச்சு. ரூபியாவின் மதிப்பு நாளைக்கு என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தங்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை விளைச்சல் ஹாஜிக்கு. வட்டி கிடையாது, நிலத்தின் பலனே வட்டி. அதாவது நம் ஒத்தி. ஹாஜிக்கு உழ நேரமில்லை. ஆகவே பாதி வாரத்துக்கு ஆள் தேடினார். கிடைத்த ஆள் அதே தம்பி. சொந்த நிலத்தில் அவரே வாரதாரர். சேற்றில் கால் வைத்து நிற்கும்போது நிலம் அவருடையது, களத்தில் நெல்லை அளக்கும்போது பாதி அவருடையதல்ல.

இதோடு முடியவில்லை. அந்த வயலில் நாற்று நட்டவர்கள் ஐந்தாறு பெண்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலி வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அந்த வயலை அறுக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும். அறுத்து அடித்த நெல்லில் ஆறில் ஒரு பங்கு. இந்த ஏற்பாட்டுக்கு ‘செப்ளோக்கான்’ என்று பெயர்; பங்கு ஊருக்கு ஊர் மாறும். நிலமே இல்லாத பெண்ணுக்கு இப்படி நான்கு வயலில் ‘அறுப்பு’ இருந்தால் வருஷச் சாப்பாட்டுக்குப் பாதி வழி பிறந்துவிடும். அந்த உரிமையை மகளுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள், மருமகளுக்குக் கடன் கொடுக்கிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத சொத்து அது.

வரப்பில் நட்ட காராமணி உழுகிறவருக்கு. வயல் தண்ணீரில் விட்டிருக்கும் மீனும் உழுகிறவருக்கு. தண்ணீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டிக்கு, அவர்கள் சொல்லில் ‘உலு உலு’வுக்கு, அறுப்பு முடிந்ததும் நெல்லாகக் கூலி. ஒரு வயலுக்கு இத்தனை பேர். “யாருடையது?” என்ற என் கேள்விக்கு அபா பதில் சொல்லி முடிக்க வெயில் ஏறிவிட்டது.

பரப்பைத் ‘தும்பாக்’ கணக்கில் சொல்கிறார்கள். ஒரு தும்பாக் ஏறக்குறைய 14 சதுர மீட்டர். நூறு தும்பாக் சேர்ந்தால் நம் கணக்கில் முப்பத்தைந்து சென்ட். அபாவின் சொந்த வயல் 120 தும்பாக். நாற்பது சென்ட் சொச்சம். பிள்ளைகள் நான்கு பேர். இஸ்லாமியச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. அபா ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர், ஆனால் உயிரோடு இருக்கும்போதே நால்வருக்கும் சமமாகத் தானமாகக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். செத்த பிறகு பிரித்தால்தானே அந்தச் சட்டம் வரும்! மதத்துக்கும் குறைவில்லை, மகள்களுக்கும் குறைவில்லை. ஆளுக்கு முப்பது தும்பாக் வரும், பத்து சென்ட். அதற்கு அடுத்த தலைமுறையைப் பற்றி அபா பேசவில்லை.

1960இல் சுகர்னோ அரசு கொண்டுவந்த நிலச் சட்டங்களில் ஒன்று, ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் குறைந்தது இரண்டு ஹெக்டேர் கிடைக்க அரசு பாடுபடும் என்கிறது. இந்த ஊரில் இரண்டு ஹெக்டேர் வைத்திருப்பவரைப் பண்ணையார் என்றே சொல்லலாம். அதே சட்டம், ஏழு ஆண்டுக்கு மேல் ஒத்தியில் கிடந்த வயலை மீட்புப் பணம் வாங்காமலே திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஏழு வருஷ விளைச்சலில் போட்ட பணம் வந்துவிட்டது என்று பொருள். தம்பியின் வயல் ஒத்தியில் போய் எட்டாவது வருஷம். சட்டத்தைச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். நெங் அதை மொழிபெயர்க்கவே தயங்கினார். பிறகு அபா சிரித்துக்கொண்டு சொன்னது இது: “கேட்டால் ஹாஜி கொடுத்துவிடுவார். அடுத்த முறை பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் போவது?”

இந்தோனேசியாவில் அரை ஹெக்டேருக்குக் குறைவாக உள்ளவர்களை அரசுக் கணக்கில் ‘குரெம்’ விவசாயிகள் என்கிறார்கள். கோழிச்செல்லுக்கு வழங்கும் பெயர் அது. விவசாயக் குடும்பங்களில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கணக்கெடுக்கிற அதிகாரிகளுக்கு இதைவிட மரியாதையான பெயர் கிடைக்காமல் போனது எப்படியோ.

நம் பட்டா சிட்டா போல அங்கே பழைய கிராமப் பதிவேடு ஒன்று உண்டு, ‘லெட்டர் சே’ என்று. டச்சுக்காரர் காலத்து வரிக் கணக்கின் தொடர்ச்சி. அதில் இருப்பது வரி கட்டியவர் பெயரே தவிர, சட்டப்படி உரிமையாளர் பெயரல்ல. அந்த வித்தியாசம் முன்பு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1870இல் டச்சு அரசு ஓர் ஆணை போட்டது: தன்னுடையது என்று எவரும் நிரூபிக்க முடியாத நிலமெல்லாம் அரசுடையது. ஓலையும் காகிதமும் இல்லாத மலைக்காரர்கள் எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டில் இதே மலைநாட்டுக் குடும்பங்களை அடித்து உருட்டிக் காப்பி நட வைத்து, தாங்கள் சொன்ன விலைக்கே கொள்முதல் செய்தார்கள் டச்சுக்காரர்கள். நிலம் குடியானவருடையது, காப்பி டச்சுக் கம்பெனியுடையது, பிறகு டச்சு அரசுடையது. 1919இல் காருட் பக்கத்துச் சிமாரெமே ஊரில் ஹாஜி ஹசன் என்ற செல்வந்த விவசாயி, அரசு குறித்த விலைக்கு அரசு குறித்த அளவு நெல்லைத் தர மறுத்தார். படை வந்து வீட்டைச் சுற்றி வளைத்துச் சுட்டதில் அவரும் குடும்பத்தார் சிலரும் இறந்தார்கள். தன் குதிரில் இருக்கும் நெல் தன்னுடையதா என்ற கேள்விக்கு அந்த வட்டாரத்தில் கிடைத்த பதில் அது.

1870 ஆணையை 1960 நிலச் சட்டங்களில் இன்னொன்று ரத்து செய்தது. 2017 முதல் ஊர் ஊராகப் போய் ஒட்டுமொத்தமாக நிலம் அளந்து சான்றிதழ் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. ஜாவாவில் கிராம அளவிலான ஆயத்தச் செலவுக்கு 1,50,000 ரூபியாவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று மூன்று அமைச்சர்கள் சேர்ந்து உத்தரவு போட்டிருக்கிறார்கள். நல்ல திட்டம்தான், சான்றிதழ் இருந்தால் வங்கிக் கடன் கிடைக்கும், ஹாஜியின் தயவு குறையும். அபாவின் மகன் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்ததைக் காட்டினான். பச்சை அட்டை, அழகான வரைபடம், ஒரே ஒரு பெயர்.

அந்த ஒரே பெயர்தான் எனக்கு நெருடியது. மேலே சொன்ன வயலுக்குச் சான்றிதழ் வந்தால் ஒத்தி பிடித்தவர் அதில் இல்லை, அது பரவாயில்லை. அறுக்கும் உரிமை உள்ள அந்தப் பெண்களும் இல்லை. நாளை அந்த நிலத்தை வாங்குகிறவர் கதிரடிக்கும் இயந்திரத்தையும் வெளியூர் ஆட்களையும் கூட்டிவந்தால், அந்தப் பெண்கள் எந்த அலுவலகத்துக்குப் போய் எதைக் கேட்பார்கள்? 1970களில் குட்டை ரக நெல் வந்தபோது ஒருமுறை இது நடந்திருக்கிறது. அதுவரை விரலிடுக்கில் வைத்துக் கதிர் கதிராகக் கொய்யும் சிறு கத்தியோடு ஊர்ப் பெண்கள் யார் வேண்டுமானாலும் அறுப்புக்கு வரலாம். நெல் குட்டையானதும் அரிவாள் வந்தது, ஆள் குறைந்தது, ‘யார் வேண்டுமானாலும்’ என்பது போய் ‘நட்டவர் மட்டும்’ என்றானது. காகிதத்தில் ஏறாத உரிமைகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடையவருக்கு மட்டும் காகிதம் கொடுத்துவிட்டு, உழைப்பவரின் பாத்தியதையை எழுதாமல் விடுவது அரைகுறை வேலை.

வீட்டுக்கு வருவோம். பழைய சுந்தா வீடு தரையில் உட்காராது. கல் மேல் வைத்த கால்களில் நிற்கும். மூங்கில் தட்டிச் சுவர், மரச் சட்டம். அந்த ஊர் வழக்குச் சட்டப்படி மண் வேறு, மண் மேல் நிற்பது வேறு. வீட்டை விற்றால் மனை சேர்ந்து விற்றதாக ஆகாது. முன்பெல்லாம் வீட்டை விற்றவர் மனையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள, வாங்கியவர் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டி வந்து வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போவாராம். எமா சிறுமியாக இருந்தபோது தன் அத்தை வீடு நெல் வயல்களின் ஊடே நகர்ந்து போனதைப் பார்த்திருக்கிறார். சிமென்ட் வந்த பிறகு வீடு எங்கும் போவதில்லை.

அபாவின் வீடு நிற்பது எமாவின் மனையில். கல்யாணமாகி மனைவி வீட்டோடு வந்தவர் அபா. அப்படி வருகிற ஏழை மாப்பிள்ளையை ‘கொண்டைக்கு அடியில் ஒதுங்கியவன்’ என்று சொல்வார்கள். எமா அதைச் சொல்லிச் சிரித்தபோது அபா வேறு பக்கம் பார்த்தார். சமையலறையை ஒட்டி ஓர் இருட்டறை, ‘கோவா’. அரிசிப் பானை அங்கேதான். பெண்கள் மட்டுமே நுழையலாம். எத்தனை அரிசி மிச்சமிருக்கிறது என்பது அபாவுக்கே தெரியாது, தெரியவும் கூடாது. விருந்தாளி வந்தால் சமைப்பதா, அவித்த மரவள்ளியோடு அனுப்பிவிடுவதா என்ற முடிவு எமாவின் கையில். எங்களுக்குச் சமைத்தார். வாழையிலையை நீளமாக விரித்து, எலுமிச்சைப்புல்லும் கருவாடும் போட்டு வடித்த சுடுசோற்றை அதன் மேல் கொட்டி, சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிட்டோம். பக்கத்தில் பச்சையாகவே கடித்துக்கொள்ள கத்தரிக்காய், முட்டைக்கோஸ், நாலைந்து தழைகள், மிளகாய்ச் சம்பல். இந்தப் பச்சை இலைகளில் பாதி யாரும் நட்டதல்ல. பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து கேட்காமலே பறித்து வந்தவை.

இந்தக் கொல்லைகளைப் பற்றிப் பாண்டுங் பஜஜாரான் பல்கலைக்கழகத்தின் சூழலியல் அறிஞர் ஓத்தோ சுமர்வோத்தோ நிறைய எழுதியிருக்கிறார். தென்னை, பலா, வாழை, கொய்யா, இஞ்சி, மிளகாய் என்று அடுக்கடுக்காக ஒரு குட்டிக் காடு. வேலி கிடையாது. உதிர்ந்த விறகையும் இலையையும் யாரும் பொறுக்கலாம். கிணற்றுக்குக் குறுக்கு வழியாக யாரும் நடக்கலாம், “புந்தென்” என்று ஒரு வார்த்தை குரல் கொடுத்தால் போதும். மரம் மட்டும் நட்டவருக்கு. மண் ஒருவருக்கும் மரம் ஒருவருக்குமாக இருப்பது இங்கே சகஜம். அபாவின் அக்கா மனையில் நிற்கும் பனைவகை மரம் ஒன்றில் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுபவர் வேறொருவர். காய்ச்சிய வெல்லத்தில் பங்கு. வேகமாக வளரும் அல்பாசியா மரங்களைப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென்று நட்டு வைக்கிறார்கள். ஐந்தாறு வருஷத்தில் வியாபாரி வந்து நிற்கும் மரத்துக்கே விலை பேசிவிடுவார். வாசலில் மீன் குளம். சில குளங்களின் மேல் மூங்கில் தட்டி மறைப்போடு கழிப்பறையும் உண்டு என்பதால், மீன் சாப்பிடும் முன் எந்தக் குளத்து மீன் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

வேலி இப்போது வர ஆரம்பித்திருக்கிறது. மேல்தெருவில் மூன்று மனைகளைச் சேர்த்து வாங்கிய ஜகார்த்தாக்காரர் ஒருவர் மதில் எழுப்பி, இரும்பு கேட் போட்டு, உள்ளே வில்லா கட்டியிருக்கிறார். வருஷத்துக்கு ஓரிரு முறை வருவார். கிணற்றுக்குப் போகும் பாதை மதிலுக்குள் போய்விட்டது. விவசாய நிலத்தை அதே வட்டத்தில் குடியிருக்காதவர் வைத்திருக்கக் கூடாது என்று 1961 முதல் விதி இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிப் போடுவதும், இங்கே ஓர் அடையாள அட்டை எடுத்துக்கொள்வதும் அந்த விதிக்கு மருந்து. “நீங்களும் ஒன்று வாங்குங்களேன் பாக்” என்றார் வில்லாவின் காவலாளி. வெளிநாட்டவருக்கு முழு உரிமை கிடையாது என்பதைச் சொன்னேன். அதற்கும் ஒரு பெயர் கிடைக்கும் என்றார். விற்றவர்கள் மூவரில் ஒருவர் அந்தப் பணத்தில் ஹஜ் போய்வந்தார், ஒருவர் மோட்டார் சைக்கிளும் கடையும் வாங்கினார், மூன்றாமவர் இப்போது அந்தக் காவலாளி.

ஊருக்கு மேலே பைன் காடு. அது அரசு வன நிறுவனத்தின் கையில். மர நிழலில் காப்பி நட்டுப் பங்கு கொடுக்க ஊர்க்காரர்களுக்கு அனுமதி. மண்ணும் பைனும் அரசுக்கு, காப்பிச் செடி நட்டவருக்கு, பழத்தில் ஒரு பங்கு மறுபடி நிறுவனத்துக்கு. கம்பெனிக் காலத்துக் காப்பிக் கதையை அபாவின் பேரன் பள்ளியில் படித்திருக்கிறான். “அப்போது அடித்து நட வைத்தார்கள், இப்போது நாங்களே விண்ணப்பம் போட்டு நடுகிறோம்” என்றான். பையனுக்கு வாய் ஜாஸ்தி, ஆனால் தப்பாகச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அதே சாலையோரம் காம்புங் நாகா. சிவுலான் ஆற்றின் பள்ளத்தாக்கில், நானூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போக வேண்டும். ஒன்றரை ஹெக்டேரில் நூற்றுச் சொச்சம் வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி: சுண்ணாம்பு பூசிய மூங்கில் சுவர், கறுத்த நார்க் கூரை, வடக்கோ தெற்கோ பார்த்த வாசல். மின்சாரத்தை வேண்டாம் என்று சொன்ன ஊர். வசதி வந்தாலும் செங்கல் வீடு கட்டக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டி வீடு எழுப்பவும் கூடாது. இடம் போதாத பிள்ளைகள் மேலே சாலையோரமோ நகரத்திலோ குடியேறிவிட்டு, விழாவுக்கு இறங்கி வருகிறார்கள். ஆற்றுக்கு அப்பால் ஒரு காடு; அதிலிருந்து சுள்ளிகூட எடுக்கக் கூடாது. 1956இல் தாருல் இஸ்லாம் கிளர்ச்சிக்காரர்கள் ஊரையே கொளுத்தினார்கள். பழையபடியே திரும்பக் கட்டிக்கொண்டார்கள். இன்னும் மேற்கே, ஹாலிமுன் மலையில் சிப்தகெலார் ஊரார் வருஷத்துக்கு ஒரே போகம்தான் நடுகிறார்கள். நெல்லை விற்பதே அங்கே குற்றம். குதிர்களில் பல வருஷத்து நெல் இருக்கிறது.

இவற்றைப் பார்த்துவிட்டு ‘ஆதி வாழ்க்கை’ என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. நாகாவில் வீட்டைப் பெரிதாக்க முடியாது என்பதால்தான் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். அவர்கள் போய்ச் சேரும் ஊர்கள் அபாவின் ஊர் போன்றவைதாம், அங்கே தும்பாக் விலை ஏறிக்கொண்டே போகிறது. எல்லா வீடும் ஒரே உயரம் என்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர்கள் படிக்கட்டுக்கு மேலே இருக்கிறார்கள்.

போக விரும்புகிறவர்கள் பாண்டுங்கிலிருந்து காருட் வழியாகத் தாசிக்மலாயா போகும் எந்த பஸ்ஸிலும் ஏறி, காம்புங் நாகா நிறுத்தத்தில் இறங்கலாம். செவ்வாய், புதன், சனிக்கிழமைகளில் தங்கள் ஊரின் வரலாற்றையும் வழக்கங்களையும் பேசுவது அவர்களுக்கு விலக்கு. அந்த நாட்களில் போனால் வயலைப் பார்த்துவிட்டு வரலாம். யாருடையது என்று கேட்க வேண்டாம்.